ஓவியத்தில் ஒளி: எந்தப் புத்தகம், எப்படிப் பார்த்து வாங்குவது? (அனுபவப் பகிர்வு)

உருவ ஓவியம் சொல்லித்தருபவர்:
கடையில் புத்தகத்தை எடுத்ததும் வெள்ளை உருண்டைப் படம் உள்ள பக்கத்தைத் திறங்கள். இடைநிறம் (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவில் உள்ள சாயல்), நிழலின் கரு (நிழலில் மிக இருண்ட பட்டை), எதிரொளி (பக்கத்துப் பரப்பில் பட்டுத் திரும்பி நிழலுக்குள் வரும் ஒளி), விழுநிழல் (பொருள் தரையில் போடும் நிழல்) நான்கும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? ஒரே விளக்குள்ள அறையில் எதிரொளி நிழலுக்குள்ளேயே அடங்கும், வெளிச்சப் பக்கத்தோடு போட்டி போடாது. இதைச் சொல்லாத புத்தகத்தைப் பார்த்துப் பழகினால் வரையும் கன்னமெல்லாம் தகரம் மாதிரி மின்னும்.

முதல் புத்தகம் என்றால் ஜேம்ஸ் கர்னியின் 'கலர் அண்ட் லைட்' (2010). பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கு ஒரு பொருள். குறை, பயிற்சி கிடையாது. நாமே வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளை முட்டை, 9 வாட் எல்இடி பல்பு, கறுப்பு சார்ட், வெள்ளை சார்ட் போதும். முட்டையைக் கறுப்பு சார்ட் மேல் வைத்து, பல்பை 30 செ.மீ. தள்ளி வைத்து, வெளிர் முதல் இருட்டு வரை ஐந்தே சாயல்களில் வரையுங்கள். பிறகு 60 செ.மீ.க்கு நகர்த்துங்கள்; முட்டை மேல் விழும் ஒளி கால்பங்காகிவிடும். அடியில் உள்ள கறுப்பு சார்ட்டை எடுத்து வெள்ளையை விரித்தால் எதிரொளி எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும். டியூப்லைட்டை அணைக்க மறந்தால் இரட்டை நிழல் விழும். செல்போனில் படமெடுத்து ஒப்பிடுகிறவர்கள் எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்கொள்ளும் ஒளியின் அளவை) பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் குறைந்த ஒளியைக் கேமராவே கூட்டிக்கொள்ளும், இரண்டு படமும் ஒன்றுபோல் இருக்கும்.

டிஜிட்டலில் வரைபவர்:
கர்னிக்கு அடுத்து ரிச்சர்ட் யாட்டின் 'லைட் ஃபார் விஷுவல் ஆர்ட்டிஸ்ட்ஸ்'. காது மடலில் சிவப்பு ஊடுருவுவது ஏன், மேகமூட்ட நாளில் நிழல் ஓரம் கரைவது ஏன் என்று காரணத்தோடு சொல்கிறது. தூரிகை நுணுக்கம் அதில் தேடாதீர்கள்.

அசைவற்ற பொருட்களை வரைபவர்:
பித்தளை, கண்ணாடி வரைபவர்களுக்கு ஓவியப் புத்தகங்களைவிட 'லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்' என்ற ஒளிப்படப் புத்தகம் உதவும். குத்துவிளக்கை மஞ்சளில் ஷேடிங் செய்தால் அது மண்விளக்காகிவிடும். பளபளப்பான பித்தளை எதிரே இருப்பதைத்தான் காட்டும். ஒரு வெள்ளை அட்டையை நகர்த்தி, எந்தக் கோணத்தில் அது விளக்கில் தெரிகிறது என்று பாருங்கள். கேமரா லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் தண்ணீரின், வார்னிஷ் மரத்தின் கண்கூச்சத்தைக் குறைக்கும். பித்தளையிடம் அந்தப் பாச்சா பலிக்காது.

வெளியில் நின்று வரைபவர்:
நிலக்காட்சிக்கு ஜான் கார்ல்சனின் 'கைடு டு லேண்ட்ஸ்கேப் பெயிண்டிங்'. படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, அது குறையே இல்லை. வானம் மிக வெளிர், அடுத்து தரை, அடுத்து சரிவு, நிமிர்ந்து நிற்கும் மரம் மிக இருட்டு என்ற அவர் கணக்கு பலரைக் காப்பாற்றும். ஆனால் மாலையில் சூரியன் தாழ்ந்ததும், சூரியனைப் பார்த்த சுவர் தரையைவிட வெளிச்சமாகிவிடும். அப்போது அந்த வரிசையைப் பிடித்துத் தொங்கக் கூடாது.

இந்தப் புத்தகங்கள் எல்லாமே நம்மைவிட வெகு வடக்கே உள்ள மேலை நாடுகளில் எழுதப்பட்டவை. மார்ச் கடைசியில் சூரியன் 6 டிகிரி உயரத்திலிருந்து அடிவானத்துக்கு இறங்க லண்டனில் சுமார் 40 நிமிடம், சென்னையில் 25தான். அந்தப் பொன்வெயில் நேரத்துக்குள் முழுப் படத்தையும் முடிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். முதல் பத்து நிமிடத்தில் நிழல்களின் எல்லையை மட்டும் குறித்துவிட்டு, பிறகு அவற்றை நகர்த்தாமல் நிரப்புங்கள்.

ஓவிய அறைக்கு வடக்கு ஜன்னல்தான் நல்லது என்ற விஷயமும் அப்படித்தான். நேர்வெயில் வராது, ஒளி மாறாது என்று புத்தகம் அடித்துச் சொல்லும். சென்னையில் ஏப்ரல் 25 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கு வரை சூரியன் நாள் முழுக்க வடபாதி வானத்தில்தான் போகும். உச்சி வெயிலை சன்ஷேடு மறைத்தாலும் காலையும் மாலையும் சாய்வாக உள்ளே வந்து மாடலின் முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் கண்ணாடியில் பட்டர் பேப்பர் ஒட்டிவிடுங்கள். ஒளி கொஞ்சம் குறையும், ஆனால் சீராக இருக்கும்.

உருவ ஓவியம் சொல்லித்தருபவர்:
மின்னூல் போதுமா என்று கேட்டவருக்கு: கார்ல்சனுக்குப் போதும். கர்னிக்கு கறுப்பு வெள்ளைத் திரையுள்ள கிண்டில் ஆகவே ஆகாது. டேப்லெட் என்றால் சரி, நைட் மோடை அணைத்துவிட்டுப் பாருங்கள். அச்சுப் பிரதி என்றால் இருண்ட பக்கங்களைச் சோதியுங்கள். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் 'மத்தேயுவின் அழைப்பு' ஓவியம் இருந்தால், பின்சுவரில் சாய்வாக விழும் ஒளியின் ஓரத்தைப் பாருங்கள். அதற்குக் கீழே சுவரும் ஆட்களும் ஒரே கறுப்பாக அப்பிக்கிடந்தால் அந்தப் பதிப்பு வேண்டாம்.