சைலன்ட் ஷட்டரில் எடுத்த நாட்டியப் படங்களில் கோடு கோடாக வருகிறது. சென்சார் போய்விட்டதா?

கரிசல்குயில்

வணக்கம். வரும் ஞாயிறு மதுரையில் அக்கா மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். படம் எடுக்கும் பொறுப்பு என் தலையில். நேற்று அதே மண்டபத்தில் ஒத்திகை நடந்தது, போய் எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் பாதிக்கு மேல் படங்களில் கோடுகள்.

கேமரா 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ். 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். நட்டுவாங்கம் செய்யும் ஆசிரியைக்கு 'கிளிக்' சத்தமே ஆகாது, அதனால் சைலன்ட் மோடு. 1/1600, எஃப் 2, ஐஎஸ்ஓ 6400. ராவும் (கேமரா பதப்படுத்தாமல் தரும் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்தே பதிகிறேன், இரண்டிலும் கோடு இருக்கிறது.

விசித்திரம் என்னவென்றால், மேடை விளக்கு போடுவதற்கு முன்பு மண்டபத்து ட்யூப் லைட்டில் எடுத்தவற்றில் பட்டைகள் அகலமாக இருக்கின்றன, ஒரு படத்தில் ஆறு பட்டை எண்ண முடிகிறது. மேடை விளக்கு எரிந்த பிறகு எடுத்தவற்றில் மெல்லிய கோடுகள், ரொம்ப நெருக்கம். சிலவற்றில் ஒரு கோடு ரோஸ், அடுத்தது நீலம் என்று நிறமும் மாறுகிறது. புடவையின் ஜரிகை மேலெல்லாம் ஓடுகிறது.

பக்கத்துக் கடையில் காட்டினேன். "சென்சார் போர்டு மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார். அந்தக் காசுக்கு நல்ல லென்ஸே வாங்கலாம். யாராவது வழி சொல்லுங்கள்.

பட்டாசுபாலு

எனக்கும் ஒருமுறை இப்படிக் கோடு வந்தது, மெமரி கார்டு மாற்றியதும் சரியானது. முதலில் கார்டை மாற்றிப் பாருங்கள் ப்ரோ.

பழையலென்ஸ்

கார்டு கெட்டால் படம் பாதியில் அறுந்து கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகும், அல்லது திறக்கவே திறக்காது. இது அதில்லை.

கரிசல்குயில் தம்பி, மூன்று கேள்வி. அதே கேமராவில் வெயிலில் எடுத்த படத்தில் கோடு இருக்கிறதா? கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படத்தில் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது? சைலன்ட் மோடை அணைத்துவிட்டு எடுத்த படம் ஒன்றாவது இருக்கிறதா? பதில் வரும்வரை கடைப்பக்கம் போக வேண்டாம்.

கரிசல்குயில்

வெயிலில் சுத்தமாக இருக்கிறது அண்ணே. இன்று காலை மொட்டை மாடியில் சைலன்ட் மோடிலேயே எடுத்துப் பார்த்துவிட்டேன். செங்குத்துப் படங்களில் கோடும் செங்குத்தாக ஓடுகிறது, அதாவது எப்போதும் படத்தின் நீளப் பக்கத்தோடு சேர்ந்தே. சைலன்ட் இல்லாமல் மண்டபத்தில் எடுக்கவில்லை.

பழையலென்ஸ்

அப்படியென்றால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. போர்டு பழுதானால் வெயிலிலும் கோடு வரும். உங்கள் சிக்கல் விளக்கும் சைலன்ட் ஷட்டரும் சேர்ந்து செய்கிற வேலை.

நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சம் இருப்பதால் சோக் வைத்த ட்யூப் லைட்டும் மலிவான எல்இடி ட்யூபும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கிப் பளிச்சிடும். கண்ணுக்குத் தெரியாது. சைலன்ட் மோடில் சென்சாருக்கு முன்னால் உள்ள ஷட்டர் திரை மூடித் திறப்பதில்லை. ஜெராக்ஸ் மிஷினில் விளக்கு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்கிற மாதிரி, சென்சார் ஒவ்வொரு வரிசையாகப் படித்துக்கொண்டு போகும். நீங்கள் 1/1600 வைத்தாலும் அது ஒரு வரிசைக்குக் கிடைக்கும் நேரம்தான். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்ச் சேர அதைவிடப் பல மடங்கு நேரமாகும். அதற்குள் விளக்கு பலமுறை மங்கிவிடும். மங்கியபோது சிக்கிய வரிசைகள் இருட்டு, மற்றவை வெளிச்சம். வரிசைகள் நீளப் பக்கமாக இருப்பதால் கேமராவைத் திருப்பினால் கோடும் திரும்புகிறது.

நீங்கள் ஆறு பட்டை என்று எண்ணிச் சொன்னது ரொம்ப உபயோகம். நொடிக்கு 100 துடிப்பில் ஆறு துடிப்பு என்றால் 6/100 நொடி. உங்கள் சென்சார் முழுப் படத்தையும் படிக்க ஏறக்குறைய 1/16 நொடி எடுக்கிறது. மேடை விளக்குப் படத்தில் மெல்லிய கோடுகள் எத்தனை என்று தோராயமாக எண்ணிச் சொல்லுங்கள், அந்த விளக்கு என்ன வேகத்தில் துடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கரிசல்குயில்

மேலிருந்து கீழே எண்ணினேன், ஐம்பது சொச்சம் வருகிறது.

பழையலென்ஸ்

1/16 நொடியில் ஐம்பது என்றால் நொடிக்கு 800 பக்கம். இது கரண்ட் துடிப்பு இல்லை, எல்இடி விளக்கை மங்கலாக்கும் சர்க்யூட்டின் வேலை. நம் மன்றத்தில் மேடைவிளக்கு என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார், அவருக்குத்தான் இது தொழில். வரட்டும்.

ஐஎஸ்ஓ6400

எதற்கு இவ்வளவு கணக்கு? மெனுவில் ஆன்டி ஃப்ளிக்கர் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்தால் முடிந்தது.

பழையலென்ஸ்

முடியாது. பெரும்பாலான கேமராக்களில் சைலன்ட் மோடில் அந்த வசதி வேலையே செய்யாது, மெனுவில் மங்கிக் கிடக்கும். மெக்கானிக்கல் ஷட்டரில் வேலை செய்யும், ஆனால் அது தேடுவது 100, 120 துடிப்புகளை மட்டும். விளக்கு உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்து ஷட்டரை விடும். 800 துடிப்பு அதன் கண்ணில் படாது. அதற்கென்று சோனியின் சில கேமராக்களில் வேரியபிள் ஷட்டர் இருக்கிறது, கேனானின் ஆர் 3 போன்றவற்றில் உயர் அதிர்வெண் ஆன்டி ஃப்ளிக்கர் இருக்கிறது. ஷட்டர் வேகத்தை மிக நுணுக்கமாக நகர்த்திக் கோடு மறையும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். 2023 இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் மாடலில் எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் பதிவாவதால் இந்தப் பட்டைப் பேச்சே இல்லை. அதன் விலைக்கு அரங்கேற்றச் செலவில் பாதியைக் கேட்பார்கள், விடுங்கள்.

மேடைவிளக்கு

கூப்பிட்டீர்களா? பழையலென்ஸ் சார் சொன்னது சரி. எல்இடி பார் (PAR) மேடை விளக்கை 40 சதவீதத்துக்கு இறக்கினால் எரியும்போது உள்ள ஒளி குறைவதில்லை, எரியும் நேரம்தான் குறைகிறது. முழுசாக எரிந்து முழுசாக அணைந்து, இதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக இப்படி வெட்டப்படுவதால்தான் உங்களுக்குக் கோட்டின் நிறமும் மாறுகிறது. ரோஸ் வேண்டும் என்று ஆபரேட்டர் சிவப்பை முழுசாகவும் நீலத்தைப் பாதியாகவும் வைத்திருப்பார்.

விளக்குக்காரரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள் தம்பி. முன்பக்கத்திலிருந்து முகத்துக்கு விழும் விளக்குகளை மங்கலாக்காமல் 100 சதவீதத்தில் வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் அதிகமென்றால் நான்கில் இரண்டை அணைக்கட்டும். முழு அளவில் எரியும் எல்இடியில் இந்த வெட்டு இருக்காது. இரண்டாவது, விளக்கின் பின்னால் உள்ள சின்னத் திரையில் பிடபிள்யூஎம் அதிர்வெண் (விளக்கு எரிந்து அணையும் வேகம்) என்று ஒரு அமைப்பு இருக்கிறதா பாருங்கள். நல்ல விளக்குகளில் இருக்கும், அதைக் கூட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வாடகைக்கு வரும் மலிவு விளக்குகளில் இருக்காது. மூலையில் பழைய ஹாலோஜன் பார் கேன் (குழாய் வடிவ மேடை விளக்கு) கிடந்தால் முகத்துக்கு அதையே கேளுங்கள். பல்பின் உள்ளே உள்ள இழை சூட்டிலேயே இருப்பதால் ஒளி அவ்வளவாக ஆடாது, தோலின் நிறமும் நிறமாக இருக்கும்.

நிகழ்ச்சி நாளில் இதைக் கேட்டால் கோபம் வரும். முந்தின நாளே ஒரு காபி வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

கரிசல்குயில்

ரொம்ப நன்றி அண்ணே. ஆனால் சத்தம்? மெக்கானிக்கல் ஷட்டர் போட்டால் ஆசிரியை மேடையிலிருந்தே முறைப்பார்.

பழையலென்ஸ்

முழு மெக்கானிக்கலுக்குப் போக வேண்டாம். மெனுவில் எலக்ட்ரானிக் முதல் திரை என்று ஒன்று இருக்கும். தொடக்கம் சத்தமில்லாமல் நடக்கும், முடிக்கும்போது மட்டும் உண்மையான திரை மூடும். பாதிச் சத்தம்தான். அந்தத் திரை சென்சாரைக் கடக்க ஏறக்குறைய 1/300 நொடி போதும். உங்கள் 1/16 எங்கே, இது எங்கே! ஐம்பது கோடு இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். ஷட்டரையும் 1/200 க்கு இறக்கினால் ஒவ்வொரு வரிசைக்கும் நாலு துடிப்பு கிடைத்துவிடுவதால் அந்த இரண்டு மூன்றும் தெரியாத அளவுக்கு மங்கிவிடும்.

1/1600 இலிருந்து 1/200 க்கு வருவதில் இன்னொரு லாபம், ஐஎஸ்ஓ 6400 இலிருந்து 800 க்கு இறங்கும். கறுப்புத் திரையில் புள்ளி மண்டாது.

"1/200 இல் ஆட்டம் அசங்காதா?" என்று கேட்பீர்கள். குதித்து வரும்போது அசங்கும். ஆனால் ஜதியைக் கேட்டுக்கொண்டே எடுங்கள். தீர்மானம் (ஜதியின் முடிவுப் பகுதி) முடிந்து கடைசித் தட்டு விழும்போது ஆடுகிறவர் அந்த நிலையில் ஒரு கணம் நிற்பார், அரைமண்டி ஆழமாக, கை நீட்டி, கண் விரலைப் பார்த்தபடி. அந்தக் கணத்துக்கு 1/125 கூடப் போதும். மிருதங்கமும் தாளமும் ஓங்கி ஒலிக்கும் நேரமும் அதுதான், உங்கள் கிளிக் யார் காதிலும் விழாது. பதத்தில் அபிநயம் நடக்கும்போது மட்டும் சைலன்ட்டுக்கு மாறி 1/100 வையுங்கள். 1/100 என்பது ட்யூப் லைட்டுக்குச் சரியாக ஒரு துடிப்பு, எல்இடிக்கு எட்டு. எந்த வரிசைக்கும் குறைவு வராது. முதல் உருப்படியான அலாரிப்பில் இரண்டையும் சோதித்துவிட்டால், நடுவில் வரும் நீண்ட உருப்படியான வர்ணத்துக்கு நிம்மதியாக உட்காரலாம். படம் கிடைப்பதே வர்ணத்தில்தான்.

கரிசல்குயில்

இப்போது ஹாலில் ட்யூப் லைட்டைப் போட்டு எடுத்துப் பார்த்தேன். சைலன்ட் 1/1600 இல் அதே ஆறு பட்டை. சைலன்ட் 1/100 இல் ஒன்றுமே இல்லை! எலக்ட்ரானிக் முதல் திரை 1/200 இல் ஒரு ஓரம் லேசாக இருட்டாக இருக்கிறது, பட்டை இல்லை.

பழையலென்ஸ்

அந்த ஓர இருட்டுக்குத்தான் ஆன்டி ஃப்ளிக்கர். ட்யூப் லைட் எரியும் மண்டபத்தில் மட்டும் அதை ஆன் செய்யுங்கள். ஐஎஸ்ஓ6400 சந்தோஷப்படுவார்.

ஐஎஸ்ஓ6400

:)

கரிசல்குயில்

ஒத்திகையில் எடுத்த படங்களைக் காப்பாற்ற முடியுமா? அதில் ஒரு நடராஜர் நிலை அவ்வளவு அழகாக வந்திருக்கிறது. இன்னொன்று, நீல விளக்கு விழுந்த படங்களில் முகம் ஒரே ஊதாத் திட்டாக இருக்கிறது, மூக்கு முழி தெரியவில்லை.

கிம்ப்காரி

இது என் ஏரியா. பின்னாடி வெறும் திரை தெரிகிற படமா? அப்படியானால் வழி உண்டு.

படத்தின் ஓரத்தில், ஆள் இல்லாத இடத்தில், மேலிருந்து கீழ்வரை திரையின் ஒரு ஒல்லியான துண்டைத் தேர்ந்தெடுத்துப் புது லேயராக நகலெடுங்கள். அதைப் படத்தின் முழு அகலத்துக்கும் பக்கவாட்டில் இழுத்து விடுங்கள். இப்போது உங்களிடம் வெறும் கோடுகள் மட்டும் உள்ள ஒரு லேயர் இருக்கிறது. திரையின் நெசவு தெரியாத அளவுக்கு லேசாக மங்கலாக்குங்கள், ஆனால் கோடுகளையே அழித்துவிடும் அளவுக்கு வேண்டாம். லெவல்ஸில் அந்த லேயரின் மிகப் பிரகாசமான இடம் கிட்டத்தட்ட வெள்ளையாகும் வரை ஏற்றுங்கள். பிறகு லேயர் மோடை 'டிவைட்' என்று மாற்றுங்கள். இருட்டான வரிசை எவ்வளவு இருட்டோ அவ்வளவு தூக்கிவிடப்படும். கோட்டில் நிறம் இருந்தாலும் மூன்று நிறங்களும் தனித்தனியாக வகுபடுவதால் அதுவும் போகும். கிம்ப், ஃபோட்டோஷாப் என்ற படத் திருத்த மென்பொருள்கள் இரண்டிலும் இந்த மோடு இருக்கிறது.

அகலப் பட்டைகளுக்கு இது பிரமாதமாக வேலை செய்யும். மெல்லிய கோடுகளுக்குப் பாதிதான், ஏனென்றால் திரைக்கு விழுந்த விளக்கு வேறு, முகத்துக்கு விழுந்த விளக்கு வேறு. முகத்தில் கோடு மிஞ்சினால் லேயர் மாஸ்க் போட்டு ஒப்பாசிட்டியைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் மசியாவிட்டால் கறுப்பு வெள்ளை. நிறக்கோடு பாதி அதிலேயே அடங்கிவிடும். நடராஜர் நிலைக்குக் கறுப்பு வெள்ளை ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஊதா முகத்துக்கு ராவிலிருந்து தொடங்குங்கள், ஜேபெக்கைத் தொடாதீர்கள். ப்ரொஃபைலை நியூட்ரலுக்கு மாற்றி, நீலம், ஊதா இரண்டின் சாச்சுரேஷனையும் தாராளமாக இறக்குங்கள். லைட்ரூம் வைத்திருந்தால் கேலிப்ரேஷன் பகுதியில் ப்ளூ ப்ரைமரி சாச்சுரேஷனை இறக்கினால் மூக்கும் முழியும் மெல்ல வெளியே வரும். வராவிட்டால் எடுக்கும்போதே நீலம் நிரம்பி வழிந்திருக்கிறது. ஞாயிறன்று ஹிஸ்டோகிராமை (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனியாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஹிஸ்டோகிராம் நடுவில் நல்லபிள்ளையாக நிற்கும், அதே நேரம் நீலம் மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். முட்டினால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறையுங்கள்.

கரிசல்குயில்

நடராஜர் மீண்டுவிட்டார்! திரையில் சுத்தம், முகத்தில் லேசாக இருக்கிறது, பிரிண்டில் தெரியாது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை விளக்குக்காரரைப் பார்க்கப் போகிறேன். கடைசியாக ஒன்று, மச்சான் தன் கேமராவில் முழு நிகழ்ச்சியையும் வீடியோ எடுக்கிறார். அவருக்கும் இதே தொல்லை வருமா?

பழையலென்ஸ்

வரும், வீடியோவில் கோடு மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். 30 ஃப்ரேம் வேண்டாம், 25 வைத்து ஷட்டரை 1/50 இல் பூட்டச் சொல்லுங்கள். மெனுவில் 25 இல்லையென்றால் வீடியோ முறையை என்டிஎஸ்சியிலிருந்து (NTSC) பால் (PAL) என்பதற்கு மாற்ற வேண்டும். சில கேமராக்கள் அப்படி மாற்றும்போது கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும், அதனால் உள்ளே இருப்பதை எல்லாம் முதலில் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிட்டு வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வரட்டும். மண்டபத்தில் வைத்து வேண்டாம்.