பிரித்து மாட்டும் மாடல் ரயில் மேசை: துண்டுகளை எப்படிச் சேர்ப்பது?

ஈரோட்டுத் தம்பி:
வாடகை வீடுங்க. அதனால் ஹெச்ஓ (1:87 அளவு) லேஅவுட்டை நாலடிக்கு ரெண்டடித் துண்டுகளாகக் கட்டலாம் என்று இருக்கிறேன். சேரும் இடத்தில் தண்டவாளம் விலகாமல் இருக்க என்ன செய்யணும்? போல்ட் மட்டும் போதுமா?

கோவை லேத்:
போதாது தம்பி. போல்ட் இறுக்கிப் பிடிக்கத்தான், நேராக நிறுத்துவது டவல் பின், அதாவது ஒரு பலகையிலிருந்து நீட்டி மற்றதன் துளையில் கச்சிதமாக நுழையும் முளை. சேரும் பலகை இரண்டையும் கிளாம்ப் போட்டு ஒன்றாக வைத்து ஒரே தடவையில் துளை போடுங்க, தனித்தனியாகப் போட்டால் எப்படியும் மயிரிழை விலகும். பித்தளைப் பின்னும், அது நுழையும் குழலான புஷ்ஷும் நம்ம ஊர் லேத் பட்டறையில் கேட்டால் கடைந்து தருவாங்க. சட்டத்துக்கு 18 மி.மீ. பிளைவுட், சரியாகக் காயாத மரம் முறுக்கிக்கொள்ளும்.

மேட்டுப்பாளையத்தான்:
அண்ணன் சொன்னது சரிங்க. துண்டுகள் சேரும் விளிம்பில் பித்தளைத் திருகு இறக்கி, அதன் தலையில் தண்டவாளத்தை சால்டர் வைத்து, அப்புறம்தான் சேரும் கோட்டில் தண்டவாளத்தை அறுக்கணும். பாயின்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) அந்தப் பக்கமே வேண்டாம்.

ஈரோட்டுத் தம்பி:
ஒரு துண்டில் ஊட்டி ரயில் ஏற்றம் வைக்கலாமுங்களா?

மேட்டுப்பாளையத்தான்:
அது மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்), 1:87 அளவில் 12 மி.மீ. இடைவெளித் தண்டவாளம் வேணும். நிஜப் பாதையில் கல்லாறு ஸ்டேஷன் தாண்டினால் 12-க்கு 1 ஏற்றம், அப்படி வைத்தால் உங்க நாலடித் துண்டுக்குள் நாலங்குலம் ஏறும். பல்சக்கரம் இல்லாத எஞ்சின் வழுக்கும்.