வார்டில் பீடியை விட்டவர் பஸ் ஸ்டாண்டில் பற்றவைக்கிறார்: என்ன செய்யலாம்?

வார்டுசிஸ்டர்_காரைக்குடி:
ஆண்கள் மெடிக்கல் வார்டு. மூச்சிரைப்பு, நெஞ்சுவலி என்று வருபவர்களில் பீடிக்காரர்கள் நிறைய. நாலைந்து நாள் தொடாமல் இருந்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆனதும் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் நின்றுவிடுகிறார்கள். நிகோடின் சூயிங்கம் கொடுத்தால், "விக்குது, குமட்டுது" என்று துப்புகிறார்கள். எங்கே தவறுகிறது?

நெஞ்சகப்பிரிவு_டாக்டர்:
மெல்லும் விதத்தில்தான், சிஸ்டர். வெற்றிலை போட்டுப் பழகிய வாய், விடாமல் மென்று சாறை விழுங்கிவிடும். நிகோடின் கன்னத்தின் உள்பக்கமாக ஏற வேண்டியது. வயிற்றுக்குப் போனால் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல்தான். மெதுவாக மென்று, மிளகு கடித்த மாதிரி சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கச் சொல்லுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மென்று, அடுத்த பக்கம். ஒரு கம் அரை மணி நேரம் வரும். முதல் கம்மை உங்கள் கண்ணெதிரே மெல்லவையுங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை. காபி குடித்து 15 நிமிடம் ஆகாமல் கொடுக்க வேண்டாம், அதிலுள்ள அமிலத்தன்மை நிகோடினை ஏறவிடாது.

விழித்து 30 நிமிடத்துக்குள் பீடி தேடுபவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் நிறுத்தலாம். நாளுக்கு 24க்கு மேல் கூடாது. பல்செட்டில் கம் ஒட்டிக்கொள்ளும், அவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்.

மருந்தாளுநர்_தேவகோட்டை:
மூச்சிரைப்புக்குத் தரும் தியோபிலின் மருந்தைச் சாப்பிடுபவர் என்றால் டாக்டர் காதில் போட்டுவிடுங்கள். பீடிப்புகை கல்லீரலை முடுக்கி அந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகை நின்றதும் அதே டோஸ் இரத்தத்தில் ஏறி வாந்தி, படபடப்பு, முற்றினால் வலிப்பு. காரணம் புகை, நிகோடின் அல்ல. அதனால் கம் போட்டாலும் இது நடக்கும். காபியும் அப்படியே. "பீடியை விட்டதில் தூக்கம் போச்சு" என்பவரிடம் காபியைப் பாதியாக்கச் சொல்லிப் பாருங்கள்.

வார்டுசிஸ்டர்_காரைக்குடி:
நன்றிண்ணே. ஹார்ட் அட்டாக்கில் வந்தவருக்கும் கம் கொடுக்கலாமா?

நெஞ்சகப்பிரிவு_டாக்டர்:
முதல் 2 வாரம் இதய மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும். ஆனால் அவர் மறுபடி பீடி பிடிப்பது கம்மைவிடப் பல மடங்கு ஆபத்து, அதைச் சொல்லியே கேளுங்கள்.

ஆலோசகர்_புதுக்கோட்டை:
தங்கச்சி, வார்டு அறிவுரையோடு விட்டால் நிற்காது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்து பேசினால்தான் பலன் என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. தவிப்பு முதல் 2, 3 நாளில்தான் உச்சம், அது உங்கள் கட்டிலிலேயே கழிந்துவிடுகிறது. மிச்சம் பழக்கம்: சாப்பிட்டதும், டீ குடித்ததும், திண்ணையில் ஆள் சேர்ந்ததும் கை தேடும். அந்த மூன்று நேரத்துக்கும் கம் கையில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் மற்ற மருந்துகளோடு இதையும் எழுதி, ஒரு வாரத்துக்கானதைக் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். மூன்றாம் நாள் போன் போடுங்கள், பிறகு வாரம் ஒருமுறை. 1800-11-2356 புகையிலையை விட உதவும் அரசின் இலவச எண், படுக்கையில் இருக்கும்போதே ஒருமுறை பேசவைத்துவிடுங்கள்.

துணைக்கு இருப்பவரிடமும் பேச வேண்டும், வேட்டி மடிப்பில் பீடிக்கட்டு வருவது பெரும்பாலும் அவர் கையால்தான். பீடிக்குப் பதில் புகையிலை அடக்குவதை மாற்று என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். இடையில் ஒன்று குடித்துவிட்டாலும் திட்டாமல், கம்மை நிறுத்தாமல் தொடரச் சொல்லுங்கள்.