சோசியோபெட்டல், சோசியோஃபியூகல்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

மருத்துவமனை வடிவமைப்புக் கையேடு ஒன்றுக்குச் சூழல் உளவியலின் இந்த இரு சொற்களும் தேவைப்படுகின்றன. கனடாவில் வேபர்ன் மனநல மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் 1957-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவை. ஆட்களை ஒருவரோடொருவர் பேசவைக்கும் இட அமைப்பு முதலாவது, ஒதுங்கவைப்பது இரண்டாவது. மையநோக்கு விசை, மையவிலக்கு விசை என்று பள்ளிப் பாடநூலில் படிக்கிறோமே, அந்த அச்சில்தான் ஆங்கிலச் சொற்களும் வார்க்கப்பட்டவை. எனவே சமூகநோக்கு அமைப்பு, சமூகவிலக்கு அமைப்பு என முன்மொழிகிறேன்.

---

> சமூகவிலக்கு அமைப்பு

வேண்டாம் ஐயா. சமூகவிலக்கு என்றால் ஒரு குடும்பத்தை ஊரே ஒதுக்கிவைப்பது. வரைபடத்தில் "சமூகவிலக்கு இருக்கை: 24" என்று எழுதினால் கட்டடம் எழும்புமுன் வழக்கு எழும்பும்.

இன்னொன்று, 'விலக்கு' என்றதுமே அது தவறான வடிவமைப்பு என்ற தொனி வந்துவிடுகிறது. இரண்டில் எதுவும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ அல்ல, பயனுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி என்று மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-லேயே எழுதிவிட்டார். நூலகத்தில் வாசிப்பவருக்கு எதிரே இன்னொரு முகம் இருந்தால் வாசிப்பு ஓடாது. அங்கே ஒதுங்கவைப்பதே சரியான வடிவமைப்பு.

அகமுகம், புறமுகம்? அவை ஆளுமை உளவியலில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கின்றன.

---

கூடலிருக்கை, தனியிருக்கை என்றால் எளிதாகப் புரியுமே?

---

புரியும் அம்மா, ஆனால் நாற்காலியோடு நின்றுவிடும். நீண்ட நடைபாதையின் இருபுறமும் அறைகள் வைத்த வார்டும் ஒதுங்கவைக்கும் வகைதான். அதில் இருக்கையே இல்லாமலும் இருக்கலாம்.

நாற்காலிக் கணக்கும் அவ்வளவு எளிதல்ல. ஆஸ்மண்டோடு பணியாற்றிய உளவியலாளர் ராபர்ட் சோமர் முதியோர் மகளிர் வார்டில் பார்த்தது இது: நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக, நடுத்தூண்களைச் சுற்றி முதுகோடு முதுகாக. பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டும். முதிய கழுத்துக்கு அது முடியாது. சிறு மேசைகளைப் போட்டுச் சுற்றி நாற்காலி வைத்ததும், ஊழியரும் நோயாளிகளும் அவற்றை மறுபடி சுவரோரமே தள்ளினார்கள். கூட்டிப் பெருக்க அதுதானே வசதி! சில வாரம் விடாமல் வைத்த பிறகே பேச்சு ஏறத்தாழ இருமடங்காயிற்று.

மருத்துவமனை உணவகத்தில் 36-க்கு 72 அங்குல மேசையில் அவர் எண்ணியபோது, மேசை மூலையின் இருபுறமும் அமர்ந்தவர்களிடையே பேச்சு அருகருகே இருந்தவர்களைவிட இருமடங்கு. அருகருகே இருந்தவர்களிடையே, எதிரெதிரே இருந்தவர்களைவிட மும்மடங்கு. ஆக, எதிரெதிரே உட்காரவைத்தால் போதும் என்று பொருள்படும் சொல்லும் தப்பு. உடல் எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில் திரும்புகிறது என்பதே அடிப்படை.

என் பரிந்துரை: கூடுமுகம், விலகுமுகம். ஏறுமுகம், இறங்குமுகம் நம் வாயில் இருப்பவை. 'முகம்' அங்கே போக்கைத்தான் குறிக்கிறது. விலக்குவதில்லை, விலகுகிறது; பழிச்சொல்லும் இல்லை.

---

'கூடு' என்றால் பறவைக்கூடு நினைவுக்கு வராதா?

---

பவானி கூடுதுறையில் யாருக்கும் வருவதில்லையே!

---

ஏற்கிறேன். கையேட்டு வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன்:

"புறநோயாளி காத்திருப்புக் கூடத்தில், தரையில் போல்ட் அடித்த மூவர் இருக்கைகளை ஒரே திசையில் வரிசையிடுவது விலகுமுக அமைப்பு. டோக்கன் பலகையைப் பார்க்க அது உதவும். நோயாளியோடு வந்தவர் அவரிடம் பேச உதவாது."

"வளைந்த பெஞ்சின் உட்புறம் கூடுமுகம், வெளிப்புறம் விலகுமுகம்."

ஒரு குறிப்பும் சேர்க்கிறேன். மரத்தைச் சுற்றிய வட்ட மேடை கூடுமுகம் என்று பலர் வரைந்துவிடுகிறார்கள். மேடையின் அகலம் ஒன்றரை அடி என்றால் கால் தொங்கப்போட்டு வெளிப்பக்கம் பார்த்தே உட்கார முடியும், அது விலகுமுகம். நாலைந்து அடி அகலம் இருந்தால் சம்மணமிட்டு உள்நோக்கித் திரும்பலாம், சீட்டும் ஆடலாம். ஊர் ஆலமரத்து மேடை இப்படி அகலமானது, அதனால் கூடுமுகம்.

நகர்த்தக்கூடிய நாற்காலிகளுக்கு இரண்டு சொல்லும் ஒட்டவில்லை. அதற்கு 'மாறுமுகம்' சரிவருமா?