மான்செஸ்டருக்கு புதுசா வந்தவங்களுக்கு: மொத குளிர்காலத்த ரூமுக்குள்ளயே கழிச்சிடாதீங்க

செப்டம்பர் வந்தா நம்ம ஊர் பசங்க பொண்ணுங்க நெறைய பேரு இங்க வந்து எறங்குறாங்க. ரூம் எங்க பாக்குறது, பொன்னி அரிசி எங்க கெடைக்கும், பார்ட் டைம் கெடைக்குமான்னு கேட்டா பதில் சொல்ல ஆளுங்க நெறைய இருக்காங்க. யாரும் சொல்லாத ஒண்ணத்த நான் சொல்றேன்: லீவு நாள்ல இந்த ஊர்ல எங்க போகலாம், என்ன பாக்கலாம்னு.

நான் கோயம்புத்தூர்ல இருந்து வந்து 9 வருஷம் ஆச்சு. மொத வருஷம் எனக்கு ஆபீஸ், ரூம், சாப்பாட்டு கடைங்க வரிசையா இருக்குற கர்ரி மைல், இந்த மூணு எடம்தான் தெரியும். டிசம்பர்ல 4 மணிக்கே இருட்டிடும், வெளிய தூறல் நிக்கவே நிக்காது, சனி ஞாயிறு ரெண்டு நாளும் கதவ சாத்திக்கிட்டு ஊருக்கு வீடியோ கால் பேசிட்டே கெடப்பேன், அம்மா போன வச்சதுக்கப்புறம் ரூம்ல ஹீட்டர் சத்தம் மட்டும்தான் கேக்கும். அந்த குளிர்காலம் ரொம்ப கஷ்டமா போச்சு. அப்பவே யாராவது கையப் பிடிச்சு ஆக்ஸ்ஃபோர்ட் ரோட்டுக்கு கூட்டிட்டு போயிருந்தா நல்லா இருந்திருக்கும்னு இப்பவும் நெனைப்பேன்.

மொதல்ல பஸ். 42, 43, 142, 143 எது வந்தாலும் ஏறுங்க, எல்லாமே ஆக்ஸ்ஃபோர்ட் ரோடு வழியாதான் போகும். 43 ஏர்போர்ட் வரைக்கும் போகும், ராத்திரியும் ஓடும். மஞ்ச கலர் பீ நெட்வொர்க் பஸ்ல ஒரு தடவ டிக்கெட் எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள வேற பஸ் மாறி ஏறிக்கலாம், திரும்ப காசு குடுக்க வேணாம்.

அந்த ரோட்டுல யூனிவர்சிட்டிய ஒட்டி மான்செஸ்டர் மியூசியம் இருக்கு. 2023ல புதுப்பிச்சு தெறந்தப்ப தெற்காசியாவுக்குன்னு தனியா ஒரு கேலரி வச்சாங்க, இங்க வாழுற நம்மாளுங்க 30 பேரு கூட ஒக்காந்து என்ன வைக்கணும்னு முடிவு பண்ணின கேலரி அது. பங்களாதேஷ் சைக்கிள் ரிக்‌ஷா ஒண்ணு பூவும் படமுமா முழுசா அலங்காரத்தோட நிக்குது பாருங்க, ஊர் ஞாபகம் வந்துரும். அங்கருந்து கொஞ்சம் நடந்தா பார்க்குக்குள்ள விட்வர்த் கேலரி. துணி ரகங்கள், வால்பேப்பர்னு பெரிய சேகரிப்பு வச்சிருக்காங்க, மரங்களுக்கு நடுவுல கண்ணாடி வச்சு கட்டின கஃபே இருக்கு, மழ பெய்யுறப்ப அங்க ஒரு டீ குடிச்சுப் பாருங்க. ரெண்டு எடத்துலயும் உள்ள போக காசு கெடையாது. சிட்டி சென்டர்ல ஆர்ட் கேலரி, டீன்ஸ்கேட்ல ஜான் ரைலண்ட்ஸ் லைப்ரரி, இதுங்களும் ஃப்ரீதான். ரைலண்ட்ஸ் 1900ல தெறந்தது, பருத்தி வியாபாரத்துல சம்பாதிச்ச ஜான் ரைலண்ட்ஸ் நெனைவா அவரு சம்சாரம் என்ரிகெட்டா கட்டினது. மேல ரீடிங் ரூம்ல கல்லு வளைவுக்கு கீழ நின்னா பெரிய கோயில் மண்டபத்துல நிக்குற மாதிரியே இருக்கும், நம்ம கொரலு தானா கொறஞ்சுரும்.

செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கொயர்ல வட்டமா ஒரு பெரிய பில்டிங் நிக்கும், அது சென்ட்ரல் லைப்ரரி, 1934ல தெறந்தது. கார்டு ஃப்ரீயா போட்டுக்கலாம், சூடா இருக்கும், படிக்கலாம், மியூசிக் பிரிவுல பியானோ வச்சிருக்காங்க, வாசிக்கலாம். ஞாயித்துக்கெழம லீவு, அத மட்டும் மறந்துடாதீங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். நம்மூர தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தவன் நான், எங்கப்பா சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லுல 20 வருஷத்துக்கு மேல வேல பாத்தவரு, மில்ல மூடினப்ப நான் எட்டாவது படிச்சிட்டிருந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவும் அம்மாவும் வந்தப்ப லிவர்பூல் ரோட்டுல இருக்குற சயின்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரி மியூசியத்துக்கு கூட்டிட்டு போனேன். 1830ல ரெண்டு நகரத்துக்கு நடுவுல மொதமொதல்ல பயணிகள் ரயில் விட்டாங்கல்ல, அந்த ஸ்டேஷன் அந்த எடத்துலதான் இருக்கு. உள்ள பருத்தி மிஷின் எல்லாம் வச்சிருக்காங்க, அங்க வேல பாக்குறவங்க கொஞ்ச நேரம் ஓட்டியும் காட்டுவாங்க. பஞ்ச சிக்கெடுக்குற கார்டிங் மிஷின ஓட விட்டதும் அப்பா முன்னாடி போய் நின்னுட்டாரு. பஞ்சு மெல்லிசா சல்லாத் துணி மாதிரி வெளிய வந்துச்சு, எண்ண வாசமும் பஞ்சு தூசியும் கலந்து அடிச்சுச்சு, தறிய போட்டதும் பக்கத்துல பேசுறது கூட கேக்கல, அப்பா கைஜாடையாலயே அம்மாகிட்ட எதையோ வெளக்கிட்டிருந்தாரு. அந்த காலத்துல இங்க மில்லுல வேல பாத்த பொம்பளைங்களும் இப்படித்தான் ஒதட்டசைவ பாத்தே பேசிக்குவாங்களாம். வெளிய வந்து அப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசல, அப்புறம் "எல்லாம் ஒரே சத்தம்தாங் கண்ணு"ன்னு மட்டும் சொன்னாரு.

அன்னைக்கே சாயங்காலம் ராயல் எக்ஸ்சேஞ்சுக்கும் போனோம். ஒரு காலத்துல ஆயிரக்கணக்குல வியாபாரிங்க கூடி பருத்தி பேரம் பேசின ஹால். 1968ல வியாபாரம் நின்னுச்சு, கடைசி நாள் வெல போட்ட போர்டு இன்னைக்கும் அப்படியே ஒசரத்துல இருக்கு, அண்ணாந்து பாருங்க. 1976ல அந்த ஹாலுக்குள்ளயே கண்ணாடியும் இரும்புமா வட்டமா ஒரு தியேட்டர் வச்சாங்க. தரை அந்த எடைய தாங்காதுன்னு சுத்தி இருக்குற பெரிய தூணுங்கள்ல தொங்குற மாதிரி கட்டியிருக்காங்க. ஒரு நாடகமாவது பாருங்க, எங்க ஒக்காந்தாலும் நடிகருங்க பக்கத்துலதான் நிப்பாங்க. பாட்டு பிடிக்கும்னா பிரிட்ஜ்வாட்டர் ஹால்ல ஹாலே ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கிறாங்க, 1858ல இருந்து இருக்குற குழு அது. வெளிய டிராம் போற சத்தம் உள்ள வரக்கூடாதுன்னு பில்டிங்கையே ஸ்பிரிங் மேல நிக்க வச்சிருக்காங்க.

சாப்பாடு. கர்ரி மைல்னு சொல்ற ரஷோம் இப்ப முன்ன மாதிரி இல்ல, அரபு, ஆஃப்கன் கடைங்கதான் நெறைய, கறி சாப்பிடுறவங்களுக்கு கபாப் அருமையா இருக்கும். கறிவேப்பில, வெண்டைக்கா, முருங்கக்காய் வாங்கவும் அங்கயே போகலாம். நாம நோம்பு காலத்து பானம்னு நெனைக்குற விம்டோ 1908ல இந்த ஊர்லதான் பொறந்துச்சு, கிரான்பி ரோல மரத்துல செஞ்ச பெரிய பாட்டில் சிலையே இருக்கு. ஆனா எனக்கு பிடிச்சது நார்தர்ன் குவார்ட்டர்ல சோப் ஸ்ட்ரீட்னு ஒரு சந்து, அதுல திஸ் அண்ட் தட். இந்த ஊர் ஆளுங்க "ரைஸ் அண்ட் த்ரீ"னு சொல்லுவாங்க, சோறு மேல நாம கை காட்டுற மூணு கறிய ஊத்தி ஒரே தட்டுல குடுத்துருவாங்க, அவ்ளோதான். சுத்தி இருக்குற துணி கோடவுன்ல வேல பாத்தவங்க மத்தியானம் சாப்பிட வந்த பழக்கம். பருப்பு, கீரை, கோழின்னு வாங்கி பெசஞ்சு சாப்பிட்டப்ப ஊர விட்டு வந்ததுக்கப்புறம் மொத தடவயா வயிறு நெறஞ்ச மாதிரி இருந்துச்சு.

அடுத்து, எந்த ஏரியாவுல தங்கலாம்னு. படிக்க வந்தவங்களுக்கு ஃபாலோஃபீல்ட், விதிங்டன் பஸ்ஸுக்கு வசதி. லெவன்ஷூம்ல வாடகை கொஞ்சம் தாங்கும், ஸ்டேஷன் பக்கத்துல சனிக்கெழம மார்க்கெட் போடுவாங்க. சோர்ல்டன், டிட்ஸ்பரி அழகான ஏரியா, டிராமும் இருக்கு, வாடகை ஜாஸ்தி. கொழந்தைங்க இருக்குறவங்க சேல், ஆல்ட்ரிங்கம் பக்கம் போறதுக்கு காரணம் அங்க கிராமர் ஸ்கூல், அதாவது பரீட்சை வச்சு பசங்கள சேத்துக்குற அரசு ஸ்கூல் இருக்கு, 10, 11 வயசு வாக்குல அந்த பரீட்சை எழுதணும். எந்த ஏரியாவா இருந்தாலும் சாயங்காலம் இருட்டினதுக்கப்புறம் ஒரு தடவ பஸ் ஸ்டாப்புல இருந்து வீடு வரைக்கும் நடந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க, நான் போட்டோவ மட்டும் பாத்து குடுத்துட்டு ஆறு மாசம் 20 நிமிஷம் நடந்தேன்.

குடைய விட தொப்பி வச்ச மழ ஜாக்கெட் நல்லது, இங்க காத்து குடைய திருப்பிடும். இந்த சனிக்கெழம யாராவது தனியா இருந்தீங்கன்னா கீழ சொல்லுங்க, நான் 11 மணிக்கு சென்ட்ரல் லைப்ரரி வாசல்ல இருக்கேன், அங்கருந்து ராயல் எக்ஸ்சேஞ்சுக்கு நடந்து போயிட்டு அப்படியே ரைஸ் அண்ட் த்ரீ சாப்பிடலாம்.