தக்கலைச் சித்தியின் கழுத்து ஸ்கேன்: எங்கள் குடும்பக் குழுவில்

தக்கலைச் சித்தி: கழுத்தில் தைராய்டு சுரப்பியில் தென்பட்ட கட்டிக்காகப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு இடங்களில் ஸ்கேன் எடுத்தேன். முதல் அறிக்கையில் 1.4 செ.மீ., டைராட்ஸ் (கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று காட்டும் தரம்; எண் கூடினால் சந்தேகமும் கூடும்) 4 என்றும், அடுத்ததில் 1.6 செ.மீ., டைராட்ஸ் 3 என்றும் இருக்கிறது. எதை நம்புவது என்று தெரியாமல் இரவெல்லாம் உறக்கமில்லை.

குளச்சல் மாமா: பதினைந்து நாளில் இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறதென்றால் சும்மா இருக்கக் கூடாது. நாளைக்கே திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்விடுவோம், காரை நான் எடுத்து வருகிறேன்.

தங்கை (ரேடியாலஜி): மாமா, கார் இப்போது வேண்டாம். ஸ்கேன் கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே இந்த அளவுக்கு வேறுபாடு வரும். குறைந்தது இரண்டு திசைகளில் ஐந்தில் ஒரு பங்கு கூடி, அந்தக் கூடுதல் 2 மி.மீ.க்குக் குறையாமலும் இருந்தால்தான், அல்லது கன அளவு பாதிக்கு மேல் கூடினால்தான், வளர்ந்ததாகக் கொள்வோம்.

சித்தி, இரண்டு அறிக்கைகளையும் வரி வரியாகப் படித்தேன். கட்டி திடமானது, ஓரம் சீரானது, சுண்ணாம்புப் புள்ளிகள் இல்லை, உயரத்தைவிட அகலமே அதிகம் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். ஒருவருக்கு அது சுற்றியுள்ள தைராய்டைவிடக் கொஞ்சம் கறுப்பாகவும், மற்றவருக்கு அதே நிறமாகவும் தெரிந்திருக்கிறது. 2017-இல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வெளியிட்ட டைராட்ஸ் முறையில் திடத்துக்கு 2 மதிப்பெண், கறுப்புக்கு 2, அதே நிறத்துக்கு 1. அந்த ஒரு மதிப்பெண்தான் 4-ஐ 3 ஆக்கியிருக்கிறது.

மார்த்தாண்டம் மைனி: அப்படியானால் கட்டியில் ஊசி குத்திச் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை தேவையா, இல்லையா?

தங்கை (ரேடியாலஜி): டைராட்ஸ் 4 என்றால் 1.5 செ.மீ. முதலும், 3 என்றால் 2.5 செ.மீ. முதலும் ஊசி போடச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு அறிக்கைகளில் எதை எடுத்துக்கொண்டாலும் ஊசி வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றே வருகிறது. ஆனால் முதல் அறிக்கையின் நிறமும் இரண்டாவதன் அளவும் சரியாக இருந்துவிட்டால் ஊசி தேவைப்படும், மைனி. எனக்கு உறுத்துவது அதுதான். பிலிமில் பதிந்த நிலைப்படத்தைப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது; கருவியை வைத்து நேரில் பார்க்க வேண்டும்.

குளச்சல் மாமா: ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஹார்மோன் அளவு சரியாகத்தானே இருக்கிறது, மக்களே?

தங்கை (ரேடியாலஜி): அது சுரப்பி வேலை செய்வதைச் சொல்லும், மாமா, கட்டியின் குணத்தைச் சொல்லாது. ஸ்கேனும் சந்தேகத்தின் அளவைத்தான் சொல்லும். ஃபாலிகுலர் என்ற ஒரு வகைத் தைராய்டு கட்டியில் ஊசியில் வரும் செல்களை வைத்துக்கூடப் புற்றா இல்லையா என்று பிரிக்க முடியாது; அறுவை செய்து எடுத்து, கட்டியின் உறையையோ ரத்தக்குழாயையோ துளைத்திருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல, சித்தி.

மார்த்தாண்டம் மைனி: எதற்கும் நாங்கள் எல்லோரும் ஒருமுறை கழுத்தை ஸ்கேன் செய்துகொள்ளலாமே?

தங்கை (ரேடியாலஜி): தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு வேண்டாம், மைனி. தென்கொரியாவில் அப்படித் தேடித் தேடி ஸ்கேன் செய்ததில், 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு புற்று கண்டறியப்படும் விகிதம் 15 மடங்கானது. அந்தப் புற்றால் இறப்பவர்களின் விகிதமோ மாறவில்லை. கண்டுபிடித்ததற்காகச் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்குகிறவர்கள்தான் மிச்சம்.

தக்கலைச் சித்தி: நான் வெள்ளிக்கிழமை நாகர்கோவில் வருகிறேன். இரண்டு பிலிம்களையும் கொண்டு வரட்டுமா?

தங்கை (ரேடியாலஜி): கொண்டு வாருங்கள், சித்தி. எங்கள் சீனியர் முதலில் அவற்றைப் பார்க்காமல் ஸ்கேன் செய்யட்டும், பிறகு ஒப்பிடுவோம்.