மறு: கைமாற்று சரிவரவில்லை, வேறு சொல் தாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து, திங்கள் இரவு

வணக்கம். சனிக்கிழமை வகுப்புக்கான தொலைத்தொடர்புக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு தள நிலையம் (டவர்) நம் கைத்தொலைபேசியை அடுத்த நிலையத்திடம் ஒப்படைக்கிறதே, அந்த ஹேண்ட்ஓவருக்குச் சொல் தேவை. போன கிழமை 'கைமாற்று' என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வாங்கிலிருந்து ஒருவன், "சேர், வட்டி இல்லையா?" என்றான். அதோடு வகுப்பு முடிந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, பையன் சொன்னது சரி. கைமாற்று அவசரத்துக்கு வாங்கும் கடன். மகர ஒற்றுச் சேர்த்துக் 'கைம்மாறு' என்றால் குறள் 211, மழைக்கு நாம் திருப்பிச் செய்யமுடியாதது. அமெரிக்கர் சொல்லும் ஹேண்ட்ஆஃபைப் பிரித்துப் பெயர்த்தால் 'கைவிடுதல்' வரும். அழைப்பு அறுந்துபோனால் வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது 'கலமாற்றல்'. ஒரு டவரின் எல்லைக்குள் அடங்கும் பரப்பைச் செல் என்கிறார்கள். நம் உயிரியல் நூல்களில் செல் என்பது கலம்தானே? கலம் மரக்கலமும் ஆகும். நடுக்கடலில் பயணியை ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றுகிறோம். துறைமுகச் சங்கொலி கேட்கும் வீட்டில் இருப்பவனுக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை.

தெஹிவளையிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா, கப்பல் இருக்கட்டும். யார் தீர்மானிப்பது என்று முதலில் பார்ப்போம். என் வேலையே இதுதான் என்பதால் கொஞ்சம் நீளும்.

கோட்டையிலிருந்து கல்கிசைக்கு ரயிலில் பேசிக்கொண்டே வருகிறீர்கள். பம்பலப்பிட்டி தாண்டியதும் பின்னால் உள்ள டவர் மங்குகிறது, வெள்ளவத்தை டவர் ஏறுகிறது. 4ஜியில் போன் இரண்டையும் அளந்து அறிக்கை மட்டும் அனுப்பும். 'போ' என்று கட்டளை இடுவது வலையமைப்பு. அடுத்தது அரை டெசிபெல் (அலை பலத்தை ஒப்பிடும் அளவு) கூடியவுடனே மாற்றினால், ரயில் சிக்னலுக்கு நிற்கும் நேரத்தில் போன் இரண்டுக்கும் இடையே பந்தாடப்படும். அதனால் அடுத்தது, உதாரணமாக, 3 டெசிபெல் கூடுதலாக இருக்கவேண்டும். அந்த நிலை 320 மில்லிசெக்கன் நீடிக்கவும் வேண்டும் என்று வைப்போம். இந்த இரண்டு அளவையும் கூட்டினால் பந்தாட்டம் குறையும், ஆனால் மாற்றம் பிந்தி அழைப்பு அறுந்துவிடும். குறைத்தால் மறுபடி பந்தாட்டம்.

இதுவே போன் பையில் சும்மா கிடந்தால் யாரும் கட்டளை இடுவதில்லை. அதுவே பார்த்துத் தாவிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, செவ்வாய் நள்ளிரவு

பிள்ளை, நீங்கள் அறியாமலே இலக்கணம் சொல்லிவிட்டீர்கள்! தானே தாவுவது தன்வினை: கலமாறல். பிறர் கட்டளையால் நடப்பது பிறவினை: கலமாற்றல். ஒரு றகர ஒற்றில் முழுத் தொழில்நுட்பமும் அடங்கிவிட்டது. தூக்கம் வரவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து, புதன்

ஐயா, அழகுதான். ஆனால் பெயராக்கினால் இரண்டும் 'மாற்றம்' ஆகிவிடுகிறதே. பின்வாங்கில் இருப்பவனுக்கு அந்த றகரம் கேட்கவும் கேட்காது.

பம்பலப்பிட்டியிலிருந்து, புதன்

ஹேண்ட்ஓவர் என்றே போடுங்கள். வேலைக்குப் போனால் அதைத்தான் கேட்கப்போகிறார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, புதன்

அப்படியென்றால் வகுப்பை எதற்குத் தமிழில் நடத்துவது? தமிழ்நாட்டார் இயற்பியல் என்று எழுதும்போதும் நாம் பௌதிகவியலை விடவில்லை. அதையும் ஒருகாலத்தில் யாரோ முதன்முதலாகப் படித்துத் திகைத்திருப்பார்கள்.

மதுரையிலிருந்து, வியாழன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்த 3 டெசிபெல் இடைவெளிக்கு எங்கள் பாடநூல்களில் காந்தவியலில் வரும் 'தயக்கம்' பொருந்தும். போன் தயங்குகிறது, அவ்வளவுதான்.

தெஹிவளையிலிருந்து, வியாழன்

தயக்கம் நல்ல சொல், எடுத்துக்கொள்வோம். (தயங்குவது வலையமைப்பா போனா என்று ஐயா கேட்கமாட்டார் என்று நம்புகிறேன்.) ஹேண்ட்ஓவருக்குக் 'கையளிப்பு' போதாதா? சாவி கையளித்தார்கள், மகஜர் கையளித்தார்கள் என்று இங்கே பத்திரிகைகளில் தினமும் வருகிறது. தானே தாவுவதற்கு 'கல மீள்தெரிவு'.

வெள்ளவத்தையிலிருந்து, வெள்ளி

நால்வரில் மூவர் கையளிப்பு, பம்பலப்பிட்டி நண்பரும் அரைமனதோடு. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ஐயா, அடிக்குறிப்பில் கலமாற்றலும் உண்டு.

கொட்டாஞ்சேனையிலிருந்து, வெள்ளி

அளி என்றால் இரக்கமும்தான், தம்பி. டவருக்கு ஏது இரக்கம்? அடிக்குறிப்பின் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.